அமாவாசையன்று கபடி

செஞ்சி கோட்டைமேட்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிரேயருக்கு மைக் பழுதானால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கலைமதி டீச்சர் இருக்கிறார். மேடையில் நின்று அவர் ஒரு ‘அட்டென்ஷன்’ சொன்னால், மைதானத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, வெளியே டீக்கடையில் வடை கடித்துக்கொண்டிருப்பவர்களும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படி ஒரு தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். அவர் கணவர் வெற்றிவேல் மின்வாரியத்தில் லைன்மேன். “கம்பத்து மேல இருக்கறப்ப போன் பண்ணாத கலை, கைய வுட்டுருவேன்” என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உடற்கல்வி ஆசிரியர் என்று சொல்லி அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பள்ளிக்கூடம் அவரை வைத்துச் செய்துகொண்ட வேலைகளோ வேறு. தலைமுடி வளர்த்து வருகிறவனைப் பிடித்துச் சலூனுக்கு அனுப்பணுமா, கலைமதியைக் கூப்பிடு. இலவச சைக்கிள் லாரியில் வந்து நிற்கிறதா, கலைமதியைக் கூப்பிடு. வகுப்பறைக்குள் பாம்பு புகுந்துவிட்டதா, அதற்கும் கலைமதிதான். பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் எழுதியிருக்கும். ஆனால் அது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து இறைத்துக்கொண்டு போகலாம். கணக்கு வாத்தியார் வருவார், போர்ஷன் முடியவில்லை என்பார். அவர் போனால் சயின்ஸ் வருவார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டு அல்ஜீப்ரா போடும்.

இதெல்லாம் கலைமதிக்குக் கோபம்தான், ஆனால் அவருக்குள் கிடந்த பெரிய கோபம் வேறு. அது ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது.

அப்போது அவர் காலனியில் பெண் பிள்ளைகள் கபடி ஆடுவதென்பது பெரிய விஷயம். நைனா கல் உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். “கை காலு ஒடஞ்சா யாரு கட்டுவான்” என்று அம்மா தைலம்மாள் தினமும் முட்டுக்கட்டை போடுவாள். அதையும் மீறி ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு அணி ஆனார்கள். குறுவட்டப் போட்டி என்று சொல்லிச் செஞ்சிக்கு அழைத்து வந்தார்கள். குறுவட்டம் என்றால் சுற்றுவட்டத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்தது. அதில் ஜெயித்தால் மாவட்டப் போட்டி. வந்து பார்த்தால் எதிரே ஆளே இல்லை. மற்ற பள்ளிகள் பெயரைக் கொடுத்ததோடு சரி. “யாரும் வரல, நீங்கதான் ஜெயிச்சீங்க, போங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலனியில் அன்றைக்குப் பட்டாசு வெடித்தது. நைனா ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தார்.

அடுத்த வாரம் விழுப்புரம் போனார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எதிரணி என்று ஒன்றைப் பார்த்தார்கள். பாடிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. பிடிக்கப் போனவள் கையில் காற்றுதான் அகப்பட்டது. ஆல் அவுட்டுக்கு மேல் ஆல் அவுட். வேடிக்கை பார்த்த சனம் கடைசியில் கை தட்டிச் சிரித்தது. மாவட்டப் போட்டியில் கலந்துகொண்டதற்குக் கொடுத்த சான்றிதழைத் தைலம்மாள் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். இன்றைக்கும் அம்மா வீட்டுக்குப் போனால் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார மாட்டார் கலைமதி. உடம்பெல்லாம் கூசும். ஆடாமல் ஜெயித்தவர்களுக்கு அதுதான் கிடைக்கும் என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்துபோனது.

இந்த நிலைமையில்தான் மேலிடத்திலிருந்து புது ஆணை வந்தது. பி.டி. பீரியடை யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று தனித்தனிக் கடை போடாமல் எல்லாம் ஒரே போட்டியில் ஆட வேண்டும். காகிதத்தில் நடத்துகிற போட்டி இனிமேல் கிடையாது, ஆடுகிற படம் செல்போன் வழியாக மேலிடத்துக்குப் போக வேண்டும். போட்டி நாளன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் களத்தில் வந்து நிற்காத அணி கணக்கில் இல்லை, நிற்கிற அணி ஒன்றே ஒன்றானால் அதுதான் வெற்றி. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளக் குறுவட்டத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர்.

சம்பளம் கூடாது, திட்டு மட்டும் கூடும் என்கிற பதவிக்கு யார் வருவார்? பக்கத்துப் பள்ளி பி.டி. வாத்தியார் பீமாராவ், கலைமதிக்கு அண்ணன் மாதிரி. அவர்தான் ஆரம்பித்துவைத்தார்.

“உனக்குத்தான் தொண்டை இருக்குதே, நீயே எடுத்துக்க.”

“நீங்க சீனியர் சார்.”

“அதனாலதான் உனக்கு வுட்டுத் தர்றேன்.”

மற்றவர்கள் எல்லாரும் அவசரமாகக் கை தட்டிவிட்டார்கள். கலைமதி ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

முதல் வேலை, தேதி குறிப்பது. தலைமை ஆசிரியர்களை எல்லாம் உட்காரவைத்தால் ஒருத்தர்கூட ஒரு நாளை விட்டுத்தர மாட்டேன் என்கிறார். ஒரு தேதியில் பரீட்சை. ஒரு தேதியில் அதிகாரி வருகை. ஒரு தேதி முகூர்த்தம், பாதி வாத்தியார்கள் பந்தியில் இருப்பார்கள். டீ ஆறிப்போய், இரண்டாவது டீயும் ஆறிப்போன நேரத்தில் யாரோ ஒருத்தர் மெதுவாகச் சொன்னார்: “ஆவணி அமாவாசைல வச்சிக்கலாமே.”

அத்தனை முகமும் மலர்ந்தது. ஏன் மலராது? அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க ஊர் உலகமே திரண்டு வரும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் பள்ளிக்கூடம் வராது. அப்பா அம்மா எலுமிச்சம்பழம், கற்பூரம், பொரி என்று கடை போட்டிருப்பார்கள், பிள்ளைகளும் அங்கேதான் சுற்றும். எப்படியும் பாடம் நடக்காத நாள். அதை விளையாட்டுக்குக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாரும் தலையாட்டினார்கள். கலைமதியும் ஆட்டினார். வெளியூர்க்காரன் ஒருத்தன் அந்த அறையில் இருந்திருந்தால் ‘அன்றைக்கு பஸ் ஓடுமா’ என்றாவது கேட்டிருப்பான். பிறந்ததிலிருந்து அமாவாசையைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான்.

அமாவாசையும் வந்தது.

போட்டி கலைமதியின் பள்ளி மைதானத்திலேயே. காலையில் ராஜகிரிக் கோட்டைப் பக்கம் இருந்து காற்று சுகமாக வீசியது. கிழக்கு, தெற்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டார்கள். புறவழிச்சாலைத் தனியார் பள்ளி தன் மஞ்சள் பஸ்ஸிலேயே வந்து இறங்கியது, ஷூ எல்லாம் பளபள. ஓட்டப் பந்தயம் தொடங்கியது, நீளம் தாண்டுதல் தொடங்கியது, குண்டு எறிதலில் ஒரு பையன் குண்டைப் பின்பக்கமாகப் போட்டு நடுவரைத் துள்ளவைத்தான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் கபடிக் களத்தில் மட்டும் ஒரே அணி நின்றது. கோட்டைமேட்டுப் பள்ளி, கலைமதியின் சொந்தப் பிள்ளைகள்.

தனியார் பள்ளி பெண்களைக் கபடிக்கு அனுப்புவதில்லை. பெயர் கொடுத்த மற்ற மூன்று அணிகளும் மேல்மலையனூர் ரோட்டு ஊர்கள்.

போன் அடித்தது. கல்லடிக்குப்பம் பள்ளியின் கேப்டன் சுவாதி, அவர்கள் சயின்ஸ் டீச்சர் ஆண்டாளின் போனிலிருந்து பேசினாள். அந்தப் பள்ளியில் பி.டி. டீச்சர் இடம் நெடுநாளாகக் காலி.

“மிஸ், எங்க ரூட்டு டவுன் பஸ் ஒண்ணுகூட வரல. எல்லாத்தையும் மலையனூர் ஸ்பெஷலா வுட்டுட்டாங்க. கை காட்டுனா நிக்கவே மாட்டேங்குறான். பக்கத்து ரெண்டு ஊர் டீமும் நடந்து வந்து எங்களோட இங்கதான் நிக்குது.”

கலைமதிக்கு அப்போதுதான் உறைத்தது. தலையாட்டிய தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

தலைமை ஆசிரியை ஷோபனா பக்கத்திலேயே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் சொந்தப் பள்ளி என்றால் கொஞ்சம் சபலம்.

“விடு கலை. ரூல் நாம போட்டதா? பன்னெண்டு அடிச்சா நம்ம பொண்ணுங்க மாவட்டம் போவுது. நமக்கு இன்னா கசக்குதா?”

பிள்ளைகள் அதற்குள் கேப்டன் தமிழினியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தமிழினி மேலே இருந்தபடியே கத்தினாள். “மிஸ், நாமதான மிஸ் மாவட்டம்? ஆடவே வேணாம், ஜெயிச்சிட்டோம்.”

அதைக் கேட்டதும் கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. விழுப்புரத்துக் கைதட்டல் காதில் கேட்டது. இந்தப் பிள்ளைகள் ஒருத்தரோடும் மோதாமல் அங்கே போய் நிற்கப் போகிறார்கள், அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வரப் போகிறார்கள். தன் கண் முன்னால், தானே ஒருங்கிணைப்பாளராக இருக்கும்போது. அவருக்குப் பொறுக்கவில்லை.

“பீமாராவ் சார், கிரவுண்டப் பாத்துக்குங்க. நான் போய்க் கூட்டியாந்துடறேன்.”

“எதுல கூட்டியாருவ?”

“போனா தெரியும்.”

பஸ் ஸ்டாண்டில் மலையனூர் ஸ்பெஷல் நிரம்பி வழிந்தது. எலுமிச்சை மாலையும் வேப்பிலையும் மஞ்சள் சேலையுமாகப் பெண்கள் கூட்டம். கலைமதி முழங்கையைக் கொடுத்து உள்ளே ஏறிவிட்டார். கபடி ஆடியவருக்கு அது சொல்லித்தர வேண்டிய வித்தை அல்ல. கல்லடிக்குப்பத்துக்கு டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் கையை விரித்தார். நடுவில் நிற்காது, நேராக மலையனூர்தான். “ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவாத்தான போவும், அங்க எறங்கிக்கறேன்” என்றார் கலைமதி. நசுங்கலில் கொண்டை அவிழ்ந்துபோனது. யாரோ தட்டிலிருந்த குங்குமம் கவிழ்ந்து நெற்றி முழுக்க அப்பிக்கொண்டது. துடைக்கக் கை எடுக்க இடமில்லை.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிரே ஒரு ஸ்பெஷல் பஸ் சர்ரென்று போனது. காலி. இன்னொன்று போனது. அதுவும் காலி, டிரைவரும் கண்டக்டரும் மட்டும். சனத்தை மலையனூரில் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குச் செஞ்சிக்கு ஓடிக்கொண்டிருந்தன. போகும்போது மூச்சுவிட இடமில்லை, வரும்போது படுத்துத் தூங்கலாம். ‘அட மடச்சி’ என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, கல்லடிக்குப்பம் வேகத்தடையில் இறங்கிவிட்டார்.

நிழற்குடையில் மூன்று அணிப் பிள்ளைகளும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டாள் டீச்சர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கலைமதி ஒருத்தரிடமும் பேசவில்லை. நேராக நடு ரோட்டுக்குப் போய் நின்றார். முதல் காலி பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பஸ் வருவதைப் பார்த்ததும் கையை இரண்டு பக்கமும் விரித்து, விசிலை வாயில் வைத்து ஊதினார் பாருங்கள், வயலில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது.

பஸ் கிரீச்சிட்டு நின்றது. டிரைவர் பச்சைமுத்து குதித்து இறங்கினார். விரிந்த கூந்தல், நெற்றி நிறையக் குங்குமம், விரித்த கை. மனுஷன் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“தாயே, வழி வுடு. இன்னா வேணும் சொல்லு. எலுமிச்சம்பழம் இருக்குது, தேங்கா இருக்குது.”

நிழற்குடையில் பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள்.

“சாமி இல்லைங்க. பி.டி. டீச்சர்.”

பச்சைமுத்து மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டார். முகம் மாறிவிட்டது. “டீச்சரா? டீச்சருக்கு நடுரோட்டுல இன்னா வேல?”

“இந்தப் பொண்ணுங்க செஞ்சில கபடி ஆடணும். பன்னெண்டுக்குள்ள போவணும். நீங்க காலியாத்தான போறீங்க?”

“ஸ்பெஷல் பஸ்ல நடுவுல ஆள் ஏத்துனா மெமோ குடுப்பான்மா. நான் இன்னான்னு பதில் சொல்றது?”

“மூணு ஊர்ப் புள்ளைங்க ஆடாமயே தோத்துப் போவும் சார்.”

பச்சைமுத்து பிள்ளைகளைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். கலைமதியின் நெற்றியை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

“சரி, ஏறுங்க. கேட்டான்னா, சாமி வந்து மறிச்சுது, எறக்கிவுட முடியலன்னு சொல்லிக்கறேன். இந்த ரோட்டுல அதுக்கு எவனும் மெமோ குடுக்க மாட்டான்.”

மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகச் சொற்ப நேரமே இருந்தது. பீமாராவ் மூன்று அணியையும் செல்போனில் பதிந்துவிட்டுக் கலைமதியைப் பார்த்தார். “இன்னாம்மா இது கோலம், தீ மிதிச்சியா?” என்றார். தமிழினியின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. தோளிலிருந்து எப்போதோ இறங்கியிருந்தாள். மலையனூர் ரோட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் களத்துக்குள் வர வர, அவள் உதடு அங்குலம் அங்குலமாகத் தொங்கியது.

ஆனால் களம் இறங்கியதும் ஆட்டம்தான் ஆட்டம். தமிழினி அணி முதல் ஆட்டத்தைச் சுலபமாக எடுத்தது. கல்லடிக்குப்பமும் தன் ஆட்டத்தை எடுத்தது. இறுதிப் போட்டியில் இரண்டும் மோதின. தன் பள்ளி ஆடுவதால் நடுவர் வேலையைத் தனியார் பள்ளி வாத்தியார் ரங்கநாதனிடம் கொடுத்துவிட்டுக் கலைமதி சுற்றுச்சுவர்மேல் போய் உட்கார்ந்தார். அந்தத் தொண்டைக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தன் பிள்ளைகளுக்குக் கத்தினால் ஒருங்கிணைப்பாளர் ஓரவஞ்சனை என்பார்கள். கத்தாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுவாதி ஆடுவதைப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியம். கற்றுக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை. மலையனூர் வாகன நிறுத்தத்துக்குப் பின்னால், கடைக்கு ஆள் வராத நேரத்தில் அண்ணன் தம்பிகளோடு ஆடி ஆடிப் பழகியது. பாடிக்கொண்டு போனால் கால் எங்கே போகும், கை எங்கே நீளும் என்று சொல்ல முடியாது. தமிழினி சளைத்தவளா? ஒரே பாட்டில் இரண்டு பேரைத் தொட்டுக்கொண்டு கோட்டுக்கு வந்து விழுந்தாள். இவர்கள் ஒன்று எடுத்தால் அவர்கள் ஒன்று. ஓட்டப் பந்தயம் முடித்தவர்கள் எல்லாம் களத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஷோபனா மேடம் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, எந்தப் பக்கம் புள்ளி போனாலும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு. தமிழினி போனாள். திரும்பும்போது சுவாதி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். தமிழினியின் விரல்கள் நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் மண்ணைப் பிறாண்டின. ரங்கநாதன் விசில் ஊதினார். ஒரு புள்ளியில் கல்லடிக்குப்பம் ஜெயித்தது.

கலைமதி சுவரிலிருந்து இறங்கி வந்தார். தமிழினி களத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“நீங்க எங்க மிஸ்ஸா, அவங்க மிஸ்ஸா? நீங்க போய்க் கூட்டியாரலன்னா நாங்கதான் மாவட்டம் போயிருப்போம்.”

  இந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கலைமதி தன் கையாலேயே தன் பிள்ளைகளின் வாய்க்கு எட்டியதைத் தட்டிவிட்டிருந்தார். அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

“ஆமாண்டி. நான்தான் கூட்டியாந்தேன்” என்றார்.  அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

சுவாதி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். ஜெயித்தவள் முகம் மாதிரி இல்லை.

“மிஸ், மாவட்டத்துக்கு பி.டி. டீச்சர் கூட வரணுமாமே. எங்க ஸ்கூல்ல யாரும் இல்ல. ஆண்டாள் டீச்சர் வந்தா சேத்துக்க மாட்டாங்களாம். நாங்க போவ முடியாதா?”

பீமாராவ் சிரித்தார். “ஒருங்கிணைப்பாளர் எதுக்கு இருக்கறாங்க? அவங்க தலையிலதான் வுடியும்.”

கலைமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். “நான் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் வுட்டதும் டவுன் பஸ் ஏறி இங்க வாங்க, பிராக்டீஸ் குடுக்கறேன். ஆனா சும்மா நின்னு குதிச்சா பத்தாது, விழுப்புரத்துல சுத்தமா காலி பண்ணிடுவாங்க. எதிர்ல நல்ல டீம் ஒண்ணு நின்னு ஆடணும்.”

சொல்லிவிட்டு அவர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.  தோற்று உட்கார்ந்திருக்கும் தன் பிள்ளைகளிடம், எதிரே நின்று ஆடுங்கள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

தமிழினி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னமெல்லாம் செம்மண் ஆனது. எழுந்து, பாவாடை நாடாவை இறுக்குகிற மாதிரி டிராக் பேண்ட் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவாதியின் எதிரே போய் நின்றாள்.

“நாங்க ஆடறோம், வா. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். ஒரு வாட்டியாச்சும் உன்ன இங்க தோக்கடிக்காம விழுப்புரத்துக்கு அனுப்ப மாட்டேன்.”

“தோக்கடி பாக்கலாம்” என்றாள் சுவாதி.

கலைமதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஊதி, தண்ணீர் குடித்துவிட்டு இப்போதே களத்துக்கு வரச் சொல்லி இரண்டு அணிக்கும் கத்தினார். வெளியே டீக்கடையில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.